பன்றிக்காய்ச்சல் என்றால் என்ன? யார் பயப்பட வேண்டும், யார் பயப்பட வேண்டாம்?

(தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நடைபெற்ற மாதாந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில பெரட்டுக்குப் போய், மலையில நின்னு, மடுவத்துல கொழுந்து நிறுத்துக் கொடுத்துட்டு, வீட்டு அடுப்பைக்கூட மூட்டாம இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால வந்த விஷயத்துக்கு நேராகவே போகிறோம்.

போன மாதம் மேல்கணக்கில் மூன்று நாலு பிள்ளைகளுக்கு தடிமலும் காய்ச்சலும் வந்தது. யாரோ ஒருத்தர் "இது பன்றிக்காய்ச்சல்" என்று சொல்லிவிட்டார். காய்ச்சல் நாலு வீட்டோடு நின்றது, பேச்சு மட்டும் நாலு கணக்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளை மடுவத்துக்கு அனுப்பாமல் சில பேர் வீட்டில் நிறுத்தினார்கள். பன்றி வளர்க்கிற ஒரு குடும்பத்தை, "நீங்க பீலியில தண்ணி எடுக்க வராதீங்க" என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டோம். இது நம்மை ரொம்ப யோசிக்க வைத்தது. அந்த வீட்டில் ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. காய்ச்சல் கண்ட வீடுகளில் ஒன்றில்கூட பன்றி இல்லை. பிறகு எப்படி அந்தக் குடும்பத்தின் மேல் பழி வந்தது? நோயின் பேரில் பன்றி இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஆகவே இந்தப் பேர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

இன்புளுவென்சா என்று ஒரு காய்ச்சல். நம்ம ஆட்கள் 'புளூ' என்று சொல்வது அதைத்தான். அது ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. சாதாரண தடிமல் மூக்கு ஒழுகி ஒரு வாரம் அளவில் போய்விடும். புளூ வந்தால் திடீரென்று காய்ச்சல் அடிக்கும். உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும், தலையிடி, தொண்டை நோவு, வறட்டு இருமல் எல்லாம் சேர்ந்து வரும். சிலருக்கு, முக்கியமாக பிள்ளைகளுக்கு, வாந்தியும் வயிற்றோட்டமும் இருக்கும்.

இந்தக் கிருமி மனிதருக்கு மட்டும் சொந்தமானதில்லை. பறவைகளுக்கு ஒரு வகை, பன்றிக்கு ஒரு வகை, மனிதருக்கு ஒரு வகை என்று இருக்கிறது. பன்றிக்கு ஒரு விசேஷம் உண்டு. பறவையின் கிருமியும் அதைப் பிடிக்கும், மனிதரின் கிருமியும் பிடிக்கும். இரண்டு மூன்று வகை ஒரே பன்றிக்குள் ஒரே நேரத்தில் போய்விட்டால் அங்கே கலப்பு நடக்கிறது. இந்தக் கிருமியின் உள்ளே எட்டுத் துண்டு இருக்கிறது. நாலு தோட்டத்துக் கொழுந்து ஒரே ஸ்டோருக்கு வந்து கலந்தால் வெளியே வருகிற தூள் எந்தத் தோட்டத்து ருசியும் இல்லாமல் புது ருசியாக இருக்கும், இல்லீங்களா? அதே மாதிரி அந்தத் துண்டுகள் கலந்து புதுக் கிருமி ஒன்று வெளியே வரும். அது மனிதருக்குத் தொற்றி, பிறகு மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவத் தெரிந்துகொண்டால் ஆபத்து. ஏனென்றால் நம் உடம்பு அதை முன்னே பின்னே பார்த்ததில்லை.

2009ஆம் வருஷம் நடந்தது அதுதான். அந்த வருஷம் மார்ச், ஏப்ரலில் மெக்சிக்கோ நாட்டில் வழக்கத்துக்கு மாறாக காய்ச்சலும் நிமோனியாவும் கூடியது. அதே ஏப்ரலில் பக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பத்து வயதுப் பையனுக்கும் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கும் புதுக் கிருமி இருப்பதை ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்தார்கள். இதைக் கவனமாகக் கேளுங்க: அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. இரண்டு பேருமே பன்றியின் பக்கம் போனதும் இல்லை. கிருமி அதற்குள்ளேயே மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவத் தொடங்கிவிட்டது என்று வைத்தியர்கள் புரிந்துகொண்டது அதனால்தான். அந்தக் கிருமியின் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி பன்றிகளிடம் சுற்றி வந்த வகையாக இருந்தது. அதனால் 'பன்றிக்காய்ச்சல்' என்று பேர் வந்தது. விஞ்ஞானப் பேர் எச்1என்1. மத்திய மெக்சிக்கோவின் மேற்குப் பக்கத்துப் பன்றிகளிடமிருந்துதான் அது கிளம்பியது என்று 2016இல் வெளியான ஒரு ஆராய்ச்சி காட்டியது. ஆக, பேரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மனிதருக்குள் வந்த பிறகு அதைச் சுமந்து திரிந்தது பன்றி இல்லை. பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் விமானத்திலும் போன மனிதர்தான்.

மெக்சிக்கோ அரசாங்கம் என்ன செய்தது? மறைக்கவில்லை. உலகத்துக்குச் சொன்னது. ஏப்ரல் 24இல் தலைநகரத்துப் பள்ளிக்கூடங்களை மூடியது, பிறகு நாடு முழுக்க மூடியது. பட்டாளத்துக்காரர் தெருவில் நின்று முகமூடி கொடுத்தார்கள். உதைபந்தாட்டம் பார்வையாளர் இல்லாத வெறும் மைதானத்தில் நடந்தது. மே முதல் ஐந்து நாள் அத்தியாவசியம் இல்லாத வேலை எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டது. கொரோனா காலத்தில் நாம் பார்த்ததெல்லாம் அப்போது அங்கே சிறிய அளவில் நடந்திருக்கிறது. உண்மையைச் சொன்னதற்கு அந்த நாட்டுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? சில நாடுகள் அவர்களுடைய பன்றி இறைச்சியை வாங்க மறுத்தன. சுகமாக இருந்த மெக்சிக்கோக்காரரைக்கூட சில இடங்களில் பிடித்துத் தனியே அடைத்து வைத்தார்கள். நம்ம பீலியில் நடந்ததும் இதேதான், அளவுதான் வேறு.

உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 25இல் இதை உலகளாவிய அவசர நிலை என்று அறிவித்தது. ஜூன் 11இல் இது உலகப் பெருந்தொற்று என்று சொன்னது. 2010 ஆகஸ்ட் 10இல் பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்தது. ஆய்வுகூடத்தில் உறுதி செய்யப்பட்ட மரணங்கள் மட்டும் உலகம் முழுக்க 18,000க்கு மேலே. ஆனால் ஏழை நாடுகளில் எத்தனை பேருக்கு சோதனை செய்திருப்பார்கள்? பிறகு 2012இல் கணக்குப் பார்த்தவர்கள், முதல் வருஷத்தில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் ஐந்தே முக்கால் இலட்சத்துக்கும் இடையில் செத்திருக்கலாம் என்றார்கள்.

எகிப்து நாட்டுக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2009 ஏப்ரல் கடைசியில் அந்த நாட்டில் ஒருத்தருக்குக்கூட இந்தக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தும் நாட்டில் உள்ள பன்றிகள் எல்லாவற்றையும் கொல்லச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பன்றிகள். அவை யாருடையவை? பெரும்பாலும் கெய்ரோ நகரத்தில் குப்பை அள்ளிப் பிழைக்கிற ஏழைக் குடும்பங்களுடையவை. அவர்கள் வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்து, அதில் உள்ள மிச்சச் சாப்பாட்டைப் பன்றிக்குப் போட்டு வளர்த்து வந்தார்கள். பன்றியைக் கொன்றதால் காய்ச்சல் வராமல் நின்றதா? நிற்கவில்லை. ஜூன் மாதமே முதல் நோயாளி வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியாயிற்று. ஆனால் சாப்பாட்டுக் குப்பையைத் தின்ன பன்றி இல்லை. அந்தக் குடும்பங்கள் அதை எடுப்பதையும் நிறுத்தினார்கள். சில மாதத்தில் கெய்ரோ தெருக்களில் குப்பை மலை மாதிரி குவிந்து நாறியது. ஒரு நோய்க்குப் பயந்து வேறு நோய்களுக்குக் கதவைத் திறந்தார்கள். பிழைப்புப் போனது யாருக்கு? குப்பை அள்ளினவர்களுக்குத்தான்.

இப்படியெல்லாம் நடக்கிறது என்று பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 30ஆம் திகதியே 'பன்றிக்காய்ச்சல்' என்ற பேரை விட்டு எச்1என்1 என்று சொல்லத் தொடங்கியது. 2015இல் இன்னும் ஒரு படி போய், இனிமேல் புது நோய்களுக்கு மிருகத்தின் பேரோ, ஊரின் பேரோ, ஆட்களின் பேரோ வைக்க வேண்டாம் என்று அறிவுரை கொடுத்தது. ஆனால் வைத்த பேர் வாயில் ஒட்டிக்கொண்டது. நாங்களும் இன்றைய தலைப்பில் அதைத்தான் போட்டிருக்கிறோம். எச்1என்1 என்று போட்டிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பீர்கள்?

ஒரு தாய் கேட்டாங்க, "அப்ப பன்றி இறைச்சி தின்னலாமா?" என்று. நன்றாக வேகவைத்த இறைச்சியால் இந்தக் காய்ச்சல் வராது. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2024ஆம் வருஷக் கடைசியில் நம் நாட்டில் பல இடங்களில் பன்றிகள் கூட்டமாகச் செத்தன. அது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்கிற வேறு நோய். பேரைக் கேட்டு இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அது பன்றியைக் கொல்லும், மனிதரைத் தொற்றாது. ஆனாலும் செத்த பன்றியை அறுத்து விற்பதும், ஆற்றில் தூக்கிப் போடுவதும் கூடாது. பன்றி வளர்க்கிறவர்கள் கொட்டிலைச் சுத்தமாக வைத்து, கை கழுவி, தனக்குக் காய்ச்சல் என்றால் கொட்டிலுக்கு வேறு ஆளை அனுப்பினால் போதும். நம்மிடமிருந்து பன்றிக்கும் கிருமி போகும். அதைப் பலபேர் யோசிப்பதில்லை.

சரி, யார் பயப்பட வேண்டும்? சாதாரண புளூவில் வயதானவர்கள்தான் அதிகம் சாவார்கள். 2009இல் அது தலைகீழாக இருந்தது. செத்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1918இல் உலகத்தையே உலுக்கிய பெரிய புளூவின் வழிவந்த கிருமிகள் 1950கள் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தன. சின்ன வயதில் அதைச் சந்தித்த பாட்டி தாத்தாமாரின் உடம்பில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருந்தது. இளம் பிள்ளைகளுக்கு அது இல்லை. ஆஸ்துமா, நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்களும், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் கஷ்டப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கஷ்டப்பட்டவர்கள் வயிற்றில் பிள்ளையோடு இருந்த தாய்மார்கள்.

இலங்கைக்கு இந்தக் கிருமி 2009 ஜூனில் வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளையோடு. தொண்டையிலும் மூக்கிலும் எடுத்த மாதிரியை கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பித்தான் உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும், 2015இலும் அது தலைதூக்கியபோது நம் நாட்டிலும் கர்ப்பிணித் தாய்மார்கள் உயிர் இழந்திருக்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் பிள்ளை வளர வளர வயிறு மேலே தள்ளி, மூச்சுப் பை விரிய இடம் குறைகிறது. உடம்பின் எதிர்ப்பும் அந்த நேரத்தில் கொஞ்சம் அடங்கி இருக்கிறது. மற்றவருக்கு ஐந்து நாளில் போகிற காய்ச்சல் அவங்களுக்கு இரண்டே நாளில் நிமோனியாவாக மாறலாம்.

நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. அவங்க மூன்று நாள் அதோடு மலைக்குப் போனாங்க. அந்த மாதம் நாள் குறைந்தால் கடைக் கடனைக் கட்ட முடியாது என்பது அவங்க கணக்கு. கொத்தமல்லி அவித்துக் குடித்தாங்க, பனடோல் போட்டாங்க. நாலாம் நாள் ராத்திரி மூச்சு வாங்கியது. தோட்டத்தில் வாகனம் கேட்டால், சாரதி இல்லை, சாவி இல்லை என்று ஒன்றரை மணி நேரம் போனது. கடைசியில் மரக்கறி லொறியில் படங்கை விரித்துப் படுக்க வைத்து இறக்கினோம். தாய் பிழைத்தாங்க, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில். பிள்ளை தங்கவில்லை. அது எந்தக் கிருமி என்று சோதித்துப் பார்த்தார்களோ இல்லையோ, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எந்தக் கிருமியாக இருந்தாலும் அந்தத் தாய் முதல் நாளே கீழே இறங்கியிருக்க வேண்டியவங்க.

அவங்களைக் குறை சொல்ல எங்களால் முடியாது. மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. "காய்ச்சல் என்றால் வீட்டில் இருங்கள்" என்று புத்தகத்தில் எழுதுவது சுலபம். மாதச் சம்பளக்காரருக்கு எழுதின வசனம் அது. 2020இல் நாடெல்லாம் ஊரடங்கு போட்டபோதும் நாம கொழுந்து எடுத்துக்கொண்டுதானே இருந்தோம்? ஆகையினால் இதை ஒவ்வொரு வீட்டின் தலையில் மட்டும் போடாமல் தோட்டமும் பொறுப்பெடுக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். காய்ச்சல் கண்ட கர்ப்பிணிக்கு வைத்திய உதவியாளர் ஐயா சீட்டுக் கொடுத்தால் அந்த நாட்களுக்கு ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும், ராத்திரியில் வாகனச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லா லயத்துக்கும் தெரிய வேண்டும் என்று துரையிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். சாவி விஷயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மற்றதற்கு இன்னும் பதில் இல்லை. தலைவர்மாரும் அதைக் கேட்க வேண்டும்.

இப்போது மருந்து விஷயம். இது வைரஸ் என்பதால் அன்டிபயோட்டிக் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. மிச்சம் வைத்த மாத்திரையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம். ஒசெல்டமிவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. டாமிஃப்ளூ என்றும் சொல்வார்கள். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன். கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை வைத்தியர்தான் தீர்மானிப்பார். நாலாம் நாள் போனால் அவர் என்ன செய்வார்? இன்னொன்று, நம் நாட்டில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. தொடக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே காய்ச்சலுக்கு பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை போடக் கூடாது. பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கொத்தமல்லித் தண்ணியும் கஞ்சியும் நல்லது, தாராளமாகக் குடிங்க. ஆஸ்பத்திரிக்குப் பதிலாக இல்லை, அவ்வளவுதான்.

உடனே இறங்க வேண்டிய அடையாளங்களைச் சொல்கிறோம். மூச்சு விடக் கஷ்டம், நெஞ்சு நோவு, உதடு நீலம் பாய்வது, பேச்சு தடுமாறுவது, காய்ச்சல் விட்டுப் போய் மறுபடி இருமலோடு திரும்ப வருவது. பிள்ளைகள் என்றால் வேகமாக மூச்சு வாங்குவது, பால் தண்ணி குடிக்காமல் இருப்பது, சிறுநீர் போகாதது, வலிப்பு. கர்ப்பிணித் தாய்மார் இந்த அடையாளங்களுக்குக் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் என்றால் அன்றைக்கே.

தடுப்பூசி பற்றிக் கேட்கிறார்கள். 2009இல் புதுத் தடுப்பூசி செப்டம்பர், ஒக்டோபரில்தான் கைக்கு வந்தது. பணக்கார நாடுகள் முன்கூட்டியே காசு கட்டி வைத்திருந்ததால் முதலில் அவர்களுக்குப் போனது. தானமாகச் சேர்த்த 7 கோடி 80 இலட்சம் ஊசிகளை 77 நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பகிர்ந்து கொடுத்தது. ஆனால் நோயின் உச்சம் போன பிறகுதான் பல நாடுகளுக்குக் கிடைத்தது. "ஊசி ஆபத்து என்கிறார்களே?" என்று பின் வரிசையில் ஒருத்தர் கேட்டார். அந்தப் பேச்சுக்கும் ஒரு வேர் இருக்கிறது. 1976இல் அமெரிக்காவில் ஒரு இராணுவ முகாமில் பன்றி வகைக் கிருமி கண்டு ஒரு சிப்பாய் இறந்தார். அரசாங்கம் அவசரப்பட்டு நாலு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டது. எதிர்பார்த்த பெருந்தொற்று வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் இலட்சத்துக்கு ஒருவர் அளவில் கை கால் பலவீனமாகும் ஒரு நோய் வந்தது. அதைக் கண்டதும் டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இந்த ஊசிகளை இன்னும் கவனமாகக் கண்காணிக்கிறார்கள். இன்றைய புளூ ஊசியில் 2009இன் கிருமி வகையும் சேர்ந்தே இருக்கிறது. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்வது நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கிடைக்குமா, எங்கே என்பதை மருத்துவ மாதுவிடமும் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கிருமி போய்விடவில்லை. பெருந்தொற்று முடிந்த பிறகு சாதாரண புளூக்களில் ஒன்றாக நம்மிடையே தங்கிவிட்டது. நம் நாட்டில் வருஷ நடுவிலும் வருஷக் கடைசியிலும் புளூ கூடும். இருமும்போது வரும் துளியாலும், அந்தத் துளி பட்ட கையாலும் பரவுகிறது. நோயாளி காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கி, ஐந்தாறு நாள் பரப்புவார். ஒரு காம்பராவில் ஆறு ஏழு பேர் படுக்கிற நம்ம லயத்தில் முழுசாகத் தடுப்பது கஷ்டம்தான். இருந்தாலும் காய்ச்சல்காரரை இஸ்தோப்புப் பக்கம் சன்னல் திறந்து படுக்க வைக்கலாம், தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்கலாம், குவளையைத் தனியாக வைக்கலாம், முழங்கையை மடக்கி அதில் இருமலாம். பால் கொடுக்கிற தாய்க்குக் காய்ச்சல் என்றால் பாலை நிறுத்த வேண்டாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடி, கை கழுவிவிட்டுக் கொடுங்க. காய்ச்சல் உள்ள பிள்ளையை மடுவத்துக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் ஆயா அம்மா திருப்பி அனுப்புவாங்க, அவங்களோடு சண்டைக்குப் போகாதீங்க.

கை கழுவு என்கிறோமே, தண்ணி எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். மேல்கணக்கு மூன்றாம் லயத்துப் பீலி குழாய் வெடித்து ஆறு வாரமாகிறது. வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் குழாய் வாங்கிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தால் அன்றைக்கே போட்டுவிடலாம். தண்ணி வந்த பிறகு அந்தப் பீலியில் எல்லா வீடும் எடுக்கும், பன்றி வளர்க்கிற வீடும் சேர்த்து. சங்கத் தலைவரும் இதற்குச் சம்மதித்திருக்கிறார்.

மருத்துவ மாது அடுத்த செவ்வாய்க்கிழமை இங்கேயே வருவாங்க. கர்ப்பிணித் தாய்மார், ஆஸ்துமாவுக்கு மருந்து எடுக்கிறவர்கள் எல்லாரும் கிளினிக் அட்டையைக் கொண்டு வந்து பேரைப் பதிந்துகொள்ளுங்கள். மாதம் தவறி இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவர்களும் வரலாம். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.